ஓட்டினால் ஏறுமா?

மோட்டார் வண்டி வைத்திருப்போரிடத்து நெடுங்காலமாக வேரூன்றி நிற்கும் நம்பிக்கை ஒன்றுண்டு. பேட்டரி முற்றும் இறங்கிப்போய் வண்டி கிளம்பாது நின்றுவிட்டால், நாலுபேர் கூடித் தள்ளியோ, அயல்வீட்டு வண்டியிலிருந்து கம்பி இட்டோ அதனை ஒருமுறை கிளப்பிவிட்டாற் போதும். பின்னர்ச் சிறிது தூரம் ஓட்டிவரும் அளவிலேயே பேட்டரி தானாக நிரம்பிவிடும் என்பதே அந்நம்பிக்கை. அண்ணனூர்த் தெருக்களில் எந்த விடியற்காலையிலும் இக்காட்சியைக் காணலாம். வண்டியைத் தள்ளிவிட்டவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்படியே ஆவடி வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாங்கண்ணே, ஏறிக்கும்" என்பார். உடையவரும் அவ்வாறே போய் வருவார். மறுநாட் காலையிலோ, அதற்கு மறுநாளிலோ அதே நாலுபேரை மீண்டும் அழைக்க வேண்டியிருக்கும்.

இது பொய்யென்று ஒரே சொல்லால் தள்ளிவிடத் தக்கதன்று. முழுப்பொய்யை மக்கள் இத்தனை ஆண்டு நம்பியிரார். இதன்கண் மெய்யும் பொய்யும் பாலும் நீரும்போற் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே நம் கருத்து. தமிழ் படிக்கும் மாணவர்க்கு மோட்டார் வண்டியோடு என்ன வழக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கட்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கிடைக்கும். முதற்கண், இதனால் நேரும் துன்பம் சிறிதென்று எண்ணற்க. செல்வர்க்கு இஃது ஒரு தொல்லை மாத்திரமே. புதுப் பேட்டரி ஒன்று வாங்கி மாட்டிவிட்டு அலுவலுக்குப் போய்விடுவர். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கோ, விடியல் நான்கு மணிக்கு விமானநிலையத்திற்கென்று ஒப்புக்கொண்ட சவாரி போயிற்றென்றால் அன்றைய அடுப்பிற்கே குறை. பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட, அவர்கள் விட்டுப்போன வண்டியோடு தனித்திருக்கும் முதியோர் நம் புறநகரில் வீதிக்கு ஒருவராவது இருக்கின்றனர். நடுநிசியில் நெஞ்சுவலி என்று அவர்கள் எழுந்து சாவியைத் திருப்பும் வேளையில் அவ்வண்டி வாய்திறவாதிருக்குமேல், "முந்தாநாள்தானே ஓட்டி ஏற்றினோம்" என்னும் நினைவு அவர்கட்கு என்ன உதவி செய்யும்?

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மின்கலவடுக்கு என்று நூலோர் கூறுவர். ஆயினும் அச்சொல்லைச் சொல்லிக் கடையிற் பேட்டரி வாங்கினாரை நாம் கண்டதில்லை. ஆகலின் பேட்டரி என்றே ஈண்டு வழங்குவோம். என்ஜினை முதலிற் சுழற்றிவிடும் மின்பொறியைப் பட்டறைக்காரர் 'செல்பு' என்பர். "செல்பு எடுக்கவில்லை" என்றால் யாவர்க்கும் விளங்கும். என்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் பொறி ஆல்டர்னேட்டர் ஆகும். முற்காலத்து வண்டிகளில் அதன் இடத்தில் டைனமோ இருந்தமையால் இன்றும் பலர் அப்பழம்பெயரையே இதற்கும் சூட்டியிருக்கின்றனர். பேட்டரிக்கு நம் மக்கள் வழங்கும் 'ஏறுதல்', 'இறங்குதல்' என்னும் வினைகளோ மிக அழகியவை. கிணற்று நீர் ஏறுவதும் இறங்குவதும் கண்ட நாட்டார் தாமே கண்டெடுத்த சொற்கள் அவை. ஆனால் அவ்வழகிய சொற்களே ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகின்றன. கிணற்றில் நீர் இறங்கினால் ஊற்று தானே அதனை நிறைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுக்கண் இல்லை.

அதன் உள்ளே இருப்பது யாது? 1859-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாந்தே என்பார் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி, மின்சாரத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கத்தக்க கலத்தை முதன்முதற் செய்தார். 1881-இற் கமீல் போர் என்பார் தகட்டின்மேல் ஈயக் கலவையை அப்பும் முறையைக் கண்டு அதனைப் பெருக்கினார். நூற்றறுபது ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. நம் வண்டிப் பேட்டரியில் அத்தகைய அறைகள் ஆறு உள. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆகவே நிறைந்த பேட்டரி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டுக் காட்டும், 12.2 என்றாற் பாதி; 11.9-க்குக் கீழே போயிற்றென்றால் ஏறத்தாழ வெறுங்கலமே. மின்சாரம் இறங்க இறங்க, இரு தகடுகளின்மீதும் ஈயசல்பேட்டு என்னும் வெண்பொருள் படிகின்றது. உடனே ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு மீளும். நாட்கணக்கில் அப்படியே விட்டாலோ, படிகமாய் இறுகிப்போய், பின் எவ்வளவு ஏற்றினும் மீளாது. சட்டியின் அடியிற் பிடித்த கூழை உடனே கழுவாமல் மறுநாட் கழுவப் புகுந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அக்காலத்து வண்டிகளுக்கு முன்புறத்தே கைப்பிடி இட்டுச் சுழற்றியே உயிர்கொடுத்தனர். அது கைமுறிக்கும் வேலை. பலருக்கு மெய்யாகவே கை முறிந்தது. 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டியிற் சார்லசு கெட்டரிங் அமைத்த மின்செல்பு வந்தபின்னரே அத்துன்பம் தணிந்தது. நம் நாட்டில் ஓடிய அம்பாசிடர் வண்டிகளிலும் நெடுங்காலம் அக்கைப்பிடி துணைக்கு இருந்தது. பேட்டரி இறந்தாலும் கைப்பிடி இருந்தமையால் அக்காலத்தார் பேட்டரியைப் பற்றி மிகுதியும் கவலைப்பட்டிலர் போலும். இன்று கைப்பிடியும் இல்லை. தானே பல்மாற்றும் வண்டிகள் பலவற்றைத் தள்ளியும் கிளப்ப இயலாது.

நிற்க. இனிக் கணக்கிற்கு வருவோம். வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது.

நல்ல நிலையிலுள்ள வண்டியைக் கிளப்பச் செல்பு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகப் பெரிது. 200 ஆம்பியர் என்று கொள்வோம். ஆனால் அஃது எடுக்கும் நேரம் இரண்டே நொடி. பெருக்கிப் பார்த்தால், ஆம்பியர்-மணி என்னும் அளவையில் ஏறக்குறைய 0.11 தான் செலவு. சிறு வண்டிப் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி எனின், முந்நூற்றில் ஒரு பங்கே ஒரு கிளப்புதலுக்குப் போகின்றது. ஆல்டர்னேட்டர் அதனை ஒன்றிரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். "ஓட்டினால் ஏறும்" என்னும் நம்பிக்கையின் மெய்ப்பகுதி இதுவே. அன்றாடம் ஓடும் வண்டியின் பேட்டரி ஓட்டத்தாலேயே நிறைந்திருக்கின்றது, அதில் ஐயமில்லை.

முன்விளக்குகளை அணைக்க மறந்து வண்டியை நிறுத்திவிட்ட நிலையை இப்பொழுது எண்ணுக. விளக்கு ஒன்றுக்கு 55 வாட்டு வீதம் இரண்டு, பின்விளக்குகளும் கூட, பத்து ஆம்பியர் ஆயிற்று. மூன்றரை மணி நேரத்தில் 35-உம் தீர்ந்தது. அல்லது உள்ளே எரியும் ஐந்து வாட்டுச் சிறுவிளக்கு ஒன்று. குழந்தை கதவைச் சரியாகச் சாத்தாமல் ஓடிவிட்டது. இரண்டு மூன்று நாளில் அதுவே வேலையை முடித்துவிடும். முன்சொன்ன கணக்கிற் செலவானது முந்நூற்றில் ஒன்று. இங்கே செலவானது முழுவதும். காலணாக் கடனைத் திருப்பிய கையால் முந்நூறு மடங்கு கடனையும் அதே நேரத்தில் திருப்பிவிடலாம் என்று கருதுவார் போன்றவரே, "ஒரு சுற்று ஓட்டினால் ஏறிவிடும்" என்பார்.

எவ்வளவு ஓட்டினால் ஏறும்? முதலில், வாங்கியதற்கு மேல் ஆறில் ஒரு பங்காவது மிகையாகக் கொடுத்தாலன்றிப் பேட்டரி நிறையாது. இடையிற் சிறிது வெப்பமாய்ப் போகும். ஆக 40 ஆம்பியர்-மணிக்குக் குறையாது வேண்டும். இரண்டாவது, ஆல்டர்னேட்டர் உண்டாக்குவதெல்லாம் பேட்டரிக்கே போவதில்லை. என்ஜினை இயக்கும் மின்பொறிகளும் கணிப்பொறிகளும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். இரவாயின் விளக்கு; மழையாயின் கண்ணாடி துடைப்பான்; நம் ஊர் வெயிலாயின் குளிர்சாதனத்தின் விசிறிகள். எஞ்சியதே பேட்டரிக்கு. மூன்றாவது, என்ஜின் மெல்லச் சுழலும்போது ஆல்டர்னேட்டரும் மெல்லச் சுழலும். அதன் முழுவன்மையிற் சிறுபகுதியே அப்போது கிட்டும். அண்ணனூரிலிருந்து திருவள்ளூர் நெடுஞ்சாலை வழியே திருமுல்லைவாயில், அம்பத்தூர் கடந்து பாடிக்குக் காலைவேளையிற் போனவர் யாராயினும், தம் பிரயாணத்தில் ஓடிய நேரம் எவ்வளவு, நின்ற நேரம் எவ்வளவு என்று நெஞ்சில் கைவைத்துக் கூறட்டும். வழிநெடுகச் சராசரி எட்டு ஆம்பியர் பேட்டரிக்கு மிஞ்சிற்று என்று தாராளமாகவே கொள்வோம். முக்கால் மணி நேரத்தில் ஆறு ஆம்பியர்-மணி. வேண்டிய நாற்பதில் ஆறு!

இன்னும் ஒன்று. பேட்டரி ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின், தானாகவே ஏற்பைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சிய ஒரு பங்கு நிறையப் பலமணி நேரம் செல்லும். பந்தியில் இறுதிக் கவளம் மெல்லத்தான் இறங்கும். பரிமாறுவோர் அவசரப்பட்டுப் பயனில்லை. ஆதலால் வேலூர் வரை நெடுஞ்சாலையில் விரைந்து போய்வந்தாலுங்கூட, இறந்துபோன பேட்டரி முற்றும் நிறைந்துவிட்டதென்று கூறல் இயலாது. பெரும்பகுதி ஏறியிருக்கும், அவ்வளவே. அதற்கு எரித்த பெட்ரோலின் விலையை நோக்கினால், பேட்டரிக் கடையில் ஓரிரவு ஏற்றித்தரக் கேட்கும் கூலி மிகச் சிறிது.

அங்ஙனமாயின் இந்நம்பிக்கை எவ்வாறு நிலைத்தது? ஏமாற்றம் நிகழும் இடம் இதுதான்: ஆறு ஆம்பியர்-மணி ஏறிய பேட்டரி மாலையில் வண்டியைக் கிளப்பிவிடும்! கிளப்புதற்கு வேண்டுவது 0.11 மாத்திரமே அன்றோ? பேட்டரி அந்தப் பேரோட்டத்தைத் தாங்கும் அளவிற்கு எழுந்துவிட்டாற் போதும். உடையவர் மகிழ்ந்து, "பார்த்தீரா, ஏறிவிட்டது" என்கின்றார். குளிர்நாடுகளிற் குறைப்பேட்டரி உடனே தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்; அங்கே எண்ணெய் உறைந்து என்ஜின் கனத்திருக்கும், பேட்டரியும் குளிரில் வலிகுன்றும். நம் வெப்பநாட்டிலோ காற்பங்கு பேட்டரியும் வண்டியைக் கிளப்பும். ஆகவே நம்மவர் ஏமாறுவது எளிது. அக்குறை நிலையிலேயே நாட்கள் கழிய, மேலே சொன்ன வெண்படிகம் உள்ளே இறுகுகின்றது. வெப்பம் அக்கேட்டை விரைவுபடுத்துகின்றது. நாலாண்டு உழைக்கவேண்டிய பேட்டரி இரண்டாண்டில் வீழ்ந்துவிட, குற்றம் பேட்டரி செய்தவர்மேலும் விற்றவர்மேலும் ஏற்றப்படுகின்றது.

இவ்விடத்தில் அண்ணனூருக்கே உரிய ஒரு சான்றைக் கூறாது விடுதல் தகாது. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட, தென்னாட்டின் முதற் பயணிகள் இருப்புப்பாதை நம் ஊர் வழியேதான் செல்கின்றது. இன்று அப்பாதையில் ஓடும் மின்சார இரயில்களுக்குரிய பணிமனை அண்ணனூரிலேயே இருக்கின்றது. அங்கு நிற்கும் வண்டியின் தலைக்குமேல் 25,000 வோல்ட்டுக் கம்பி ஓடுகின்றது. ஆயினும் ஒரு வியப்பு: கூரைமேல் மடங்கிக் கிடக்கும் மின்வாங்கி எழுந்து அக்கம்பியைத் தொட்டாலன்றி ஒரு துளி மின்சாரமும் வண்டிக்குள் வாராது. மின்வாங்கியை எழுப்பக் காற்றழுத்தம் வேண்டும். நெடுநேரம் நின்று அழுத்தம் இறங்கிப்போன வண்டியில், அதனை உண்டாக்கும் சிறு பொறியை இயக்குவது வண்டிக்கு அடியிலுள்ள பேட்டரியே. அப்பேட்டரி இறந்ததேல், கடல்போன்ற மின்சாரம் ஒரு முழம் இரு முழம் மேலே இருந்தும் வண்டி பிணமே. பத்துக் கன்னியர் உவமையில் தீவட்டி இருந்தும் எண்ணெய் இல்லாதவர் நிலைதான். ஓடத் தொடங்கியபின் பேட்டரி கம்பியிலிருந்து தானே ஏறிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதனை நம்பி இரயில்வேயார் வாளா இருப்பதில்லை. பேட்டரியைப் பார்ப்பதற்கென்றே ஆட்களும் முறைகளும் வைத்திருக்கின்றனர்.

நெடுந்தூர வண்டிகளில் இன்னும் தெளிவான சான்று உண்டு. 1955-இற் பெரம்பூரில் தொடங்கிய பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பழைய வகைப் பெட்டிகளின் கீழே, அச்சிலிருந்து வார்ப்பட்டையாற் சுழலும் மின்னாக்கிகள் உண்டு. பெட்டி ஓட ஓட, அவை பேட்டரியை ஏற்றும். நிலையத்தில் நிற்கையில் விளக்கும் விசிறியும் பேட்டரியால் இயங்கும். ஓட்டினால் ஏறும் என்பதற்கு இதனினும் சிறந்த அமைப்பு உலகில் வேறில்லை. அப்படியிருந்தும், ஊருக்கு ஊர் நின்று நின்று செல்லும் வண்டிகளில் விளக்கு மங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். குறிப்பிட்ட விரைவை எட்டினாலன்றி அம்மின்னாக்கி வேலைசெய்யாது. ஆகவே பணிமனைகளில் வண்டி நிற்கும்போது வெளியிலிருந்து பேட்டரியை ஏற்றுதற்கும் ஏற்பாடு செய்துள்ளனர். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பலகாலம் ஓட்டிப் பார்த்த இரயில்வேயாரே ஓட்டத்தை மாத்திரம் நம்பவில்லை. நாம் ஆவடிக்கு ஒரு சுற்றுப் போய்வருவதை நம்புகின்றோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் அடைப்பு வந்தபோது இவ்வுண்மை வீடுவீடாக வந்து கதவைத் தட்டிற்று. பூட்டிய வண்டியும் உறங்குவதில்லை. அதன் கடிகாரமும் காவற்பொறியும் கணிப்பொறியும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. மே 31 வரை 68 நாள். பெருக்கினால் 49 வருகின்றது. நம் சிறு பேட்டரியிலோ இருந்தது 35. தடை தளர்ந்தபின் சாவியைத் திருப்பியவர் பலருக்கு 'டிக் டிக்' என்னும் ஒலியே விடையாயிற்று. வாரந்தோறும் பத்து நிமிடம் வாயிலில் நிறுத்தியபடியே என்ஜினை ஓடவிட்டோம் என்பாரும் உளர். நின்றபடி மெல்லச் சுழலும் என்ஜின் கொடுப்பது எவ்வளவு என்பதை மேலே கண்டோம். எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கழற்றி வைத்தோர் வண்டி நன்றாகவே கிளம்பிற்று. அதற்கு வேண்டியது ஒரு திருகுசாவி, ஐந்து நிமிடம்.

2015 திசம்பரிலும், மிக்ஜாம் புயலால் 2023 திசம்பர் 3, 4 நாட்களிலும் வெள்ளம் வந்தபோது நேர்ந்தது வேறுவகைக் கேடு. மேற்குப் புறநகரின் தாழ்ந்த தெருக்களில் வண்டிகள் நீரில் நின்றன. அத்தகைய வண்டியைத் தள்ளியோ கம்பி இட்டோ கிளப்பவே கூடாது. காற்று புகும் வழியால் நீர் என்ஜினுள் சென்றிருப்பின், நீர் அமுங்காதாகலின் உள்ளுறுப்புக்கள் வளைந்தொழியும். பேட்டரியின் விலையோடு போகவேண்டிய நட்டம் என்ஜினின் விலையாகப் பெருகும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டால் முதலிற் கம்பியைக் கழற்றுக. பின்னர் அறிந்தவரை அழைக்க.

நம் கொள்கைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் ஒன்றற்கே விடைகூறல் வேண்டும். அனுபவம் மிக்க ஓட்டுநர் சிலர், "முப்பது ஆண்டாக இப்படித்தான் ஏற்றினோம், ஒன்றும் கெடவில்லை" என்பர். அவர்தம் அனுபவத்தை நாம் இகழவில்லை. அவர்கள் ஓட்டியவை நெடுந்தூர வண்டிகள். அன்றைய சாலைகள் இன்றைய நெரிசலை அறியாதவை. நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு மெய்யாகவே மீண்டும் ஏறியிருக்கும். அன்றியும் அவ்வண்டிகளிற் கணிப்பொறி இல்லை. இன்றைய வண்டிகள் சிலவற்றில், எரிபொருளைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுக் கணிப்பொறியே ஆல்டர்னேட்டரை இடையிடையே தணித்துவிடுகின்றது. அவர் அனுபவம் அவர் வண்டிக்கு மெய். நம் வண்டிக்கு அன்று. மேலும் ஆல்டர்னேட்டர் என்பது நிறைந்த பேட்டரியைக் காத்தற்கென்று அமைந்த கருவி. இறந்ததை மீட்டற்கு அமைந்ததன்று. வெறும் பேட்டரியை நிரப்ப அதனை மணிக்கணக்கில் முழுவலியோடு உழைக்கவைத்தால் மிகுதியும் சூடேறிப் பழுதாகும். அண்ணனூரிலிருந்து சில கல் தொலைவிற் பாடியில், 1961-இல் நிறுவப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் இத்தகைய செல்புகளும் ஆல்டர்னேட்டர்களும் செய்யப்படுகின்றன. நம் ஊரார் பலர் அத்தகைய ஆலைகளிற் கைவினை கற்றவர். அவர்களுள் ஒருவரைக் கேட்டாலும் பேட்டரியின் விலையினும் ஆல்டர்னேட்டரின் விலை மிகுதி என்று சொல்லுவார்.

செய்யத்தக்கது யாது? வண்டி அவசரமாக வேண்டியிருப்பின் கம்பி இட்டுக் கிளப்புக. நேர்முனையோடு நேர்முனை, எதிர்க்கம்பியின் கடைசி நுனியை மட்டும் இறந்த பேட்டரியில் மாட்டாது, சற்று விலகி என்ஜினின் இரும்பில் மாட்டுக. பேட்டரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதே காரணம். என்ஜின் ஓடுகையிற் பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்து வழக்கம். இன்று அவ்வாறு செய்தாற் கணிப்பொறி எரிந்துபோகலாம். காரியம் முடிந்த அன்றைக்கே பேட்டரியை ஏற்றும் கருவியில் இட்டு, நான்கு ஆம்பியர் அளவில் ஓரிரவு முழுதும் மெல்ல ஏற்றுக. பின்னர் இரண்டு மணி நேரம் ஓயவிட்டு வோல்ட்டைப் பார்க்க. 12.6 நின்றால் நன்று. ஏற்றியும் நில்லாது இறங்கிவிடுமாயின், ஓட்டியும் பயனில்லை, ஏற்றியும் பயனில்லை, மாற்றவேண்டியதே. திறந்து பார்க்கத்தக்க பேட்டரியாயின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக; குழாய்நீர் கூடாது, அமிலமும் கூடாது.

ஏற்றும் கருவி எல்லோரிடமும் இல்லை என்பது உண்மை. அதனை ஒவ்வொருவரும் வாங்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. தெருவுக்கு ஒன்று போதும். நம் புறநகரில் நலச்சங்கம் இல்லாத நகர் அரிது. கொடியேற்றுவதற்கும் பொங்கலுக்குக் கோலப்போட்டி வைப்பதற்கும் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். திருச்சபைகளிற் பாத்திரமும் பந்தலும் பொதுவில் வாங்கி வைத்து, வேண்டுவோர்க்குக் கொடுத்து வாங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த அலமாரியில் இதற்கும் இடம் உண்டு. வாடகை வண்டி நிறுத்துமிடங்களில் ஒரு கருவியும் வோல்ட்டுமானி ஒன்றும் இருப்பின், நடுநிசிச் சவாரியை இழப்பவர் தொகை குறையும்.

இனி, தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வழக்கு என்னும் வினா. வண்டியோடு வரும் கைந்நூலைத் திறந்து பார்க்க. பேட்டரியைப் பற்றி வேண்டுவன பலவும் அதில் உள; பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள. அதனைப் படிக்கவல்லார் படிப்பதில்லை. படிக்க விரும்பும் ஓட்டுநர்க்கு அது புரிவதில்லை. நம் கல்லூரியிற் பௌதிக வகுப்பில் இவையெல்லாம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றன; பட்டறையிற் பாதித்தமிழில் வாய்மொழியாக வழங்குகின்றன. இடையே பாலம் இல்லை. "ஓட்டினால் ஏறும்" என்னும் நம்பிக்கை வளர்ந்தது அவ்விடைவெளியிற்றான். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பெருநூல்கள் பலவற்றைத் தமிழிலாக்குவித்தார். உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழிற் சொல்ல முடிந்ததென்றால், ஆறு அறையும் ஈயத்தகடும் அமிலமும் உள்ள ஒரு பெட்டியைச் சொல்ல முடியாதா? இராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதினார். பெ. நா. அப்புசுவாமி வாழ்நாளெல்லாம் அறிவியலைத் தமிழில் எழுதினார். அவ்வழியிற் பட்டறைக்கு என்று ஒரு திண்ணைநூல் வேண்டும்; அதன் மொழி மின்கலவடுக்கு என்று தொடங்கி ஓட்டுநரை ஓட்டிவிடாது, செல்பு என்றும் டைனமோ என்றும் அவர் நாவில் உள்ள சொற்களைத் தள்ளாது, அவற்றின்மேலேயே கட்டப்படவேண்டும்.

பதினாறு பக்கத்திற்கு மேல் அதற்கு வேண்டியதில்லை. கணக்கைப் பௌதிகத் துறை மாணவர் பார்த்துக்கொடுப்பராயின், எழுதும் பொறுப்பைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு ஏற்கும். படம் வரைய வல்லாரும் நம்முள் இருவர் உளர். முதற்படிகளை அண்ணனூர் இரயிலடி வண்டி நிறுத்தத்திலும் ஆவடிப் பேருந்து நிலையத்திலும் கொடுத்துவர நாமே போவோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்குள் அச்சாதல் வேண்டும்.